நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அத்தான்

லோத்குண்டா, செகந்திராபாத்
24 நவம்பர் 2025

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்கும், கோபித்துக்கொண்டாலும் குறையாத அன்புக்கும் உரிய ஞானசிகாமணி அத்தான் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் ஜெயகரன் பாளையங்கோட்டைத் திசை நோக்கி இரண்டு கையையும் கூப்பிவிட்டு எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம்.

இவ்விடம் நானும் பேபியும் பிள்ளைகள் எமியும் ஜாய்சனும் சுகம். சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேன், மற்றபடி நாலு பேரும் நாலு மூலையில் உட்கார்ந்திருக்கிறோம். அவ்விடம் தாங்களும் ஹெலன் அக்காவும் தங்கள் மூட்டும் சுகமா என்று அறிய ஆவல். மூட்டைத் தனியாக விசாரிக்கக் காரணம் உண்டு. போன வாரம் அக்கா போனில், "அத்தானுக்கு மூட்டு வலிக்கி ஜெயகரா, ஜனவரில அம்புட்டு தூரம் ரயில்ல உக்காந்து வர முடியாதுன்னு சொல்லுதாங்க" என்றாள். அக்டோபரில் எமியின் நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது அதே மூட்டு எங்கள் மூன்று மாடியையும் லிப்ட் இல்லாமல் தினம் நாலு முறை ஏறி இறங்கியது. நான்தான் இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினேன். ஆகவே வலி மூட்டில் இல்லை, எங்கள் ஜாய்சன் எடுத்த படத்தில் இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. புரிந்ததால்தான் போனில் பேசாமல் பேனாவை எடுத்தேன். போன் செய்தால் நீங்கள் "அக்காகிட்ட குடுக்கேன்" என்று சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தை அக்காவிடம் கொடுத்தாலும் அவள் கண்ணாடி தேடுவதற்குள் நீங்கள் ஒரு பக்கமாவது படித்துவிடுவீர்கள்.

ஜனவரி எட்டாம் தேதி எமியின் விவாகத்தில் ஆரம்ப ஜெபம் தாங்கள் செய்வதாக அழைப்பிதழில் அச்சாகிவிட்டது. சபையில் கல்யாண அறிவிப்பு ஓலையும் இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, வேறொருவரைக் கெஞ்சிக் கூப்பிட்டு நிறுத்திவிடலாம். ஆனால் எமி நேற்று, "மாமா வந்து ஜெபம் பண்ணலைன்னா வேற யாரும் பண்ண வேண்டாம் டாடி, எல்லாரும் அஞ்சு நிமிஷம் கண்ண மூடிட்டு சும்மா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே நான் வெகுநேரம் நின்றேன். என் சொல்லுக்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு என்பது உங்களுக்குத் தெரியும். கதவு திறக்கவில்லை.

அதனால், நடந்தது நடந்தபடி சொல்கிறேன். படித்துவிட்டு யார் மேல் கோபப்பட வேண்டுமோ அவர் மேல் கோபப்படுங்கள். பட்டியல் நீளம், அதில் நான் மட்டும் இல்லை.

கல்யாண வரவேற்பில் வெறும் போட்டோக்களை ஓட்டினால் ஜனங்கள் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போய்விடுவார்களாம். அதனால் "மாமாவும் டாடியும் எமி அக்காவைப் பத்திப் பேசற மாதிரி ஒரு சீன்" போடலாம் என்பது ஜாய்சனின் யோசனை. நீங்கள் ஒரு நாற்காலி, நான் ஒரு நாற்காலி, நடுவில் மேசை, மேசையில் பழம், டீ. அவன் வாரநாட்களில் வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்கு வேலை செய்கிறவன், சனிக்கிழமைகளில் ஆன்லைனில் சினிமா எடுக்கப் படிக்கிறவன். ஆறு சனிக்கிழமை படித்திருந்தான். ஆறு சனிக்கிழமையில் என்ன கற்றான் என்றால், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் திரையில் ஒருவர் வலப்பக்கமும் மற்றவர் இடப்பக்கமும் பார்க்க வேண்டும், அப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள் என்று பார்க்கிறவர்கள் நம்புவார்கள். இதற்காக அந்த இரண்டு பேருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுகிறது, கேமரா கோட்டுக்கு ஒரு பக்கமாகவே நிற்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியை உங்களாகவும் ஊறுகாய் பாட்டிலை நானாகவும் வைத்து எனக்குப் பாடம் நடத்தினான். நான் தலையாட்டினேன். இருபத்தெட்டு வருஷமாக நாச்சாரத்து மருந்துக் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கிறவன், புரியாததற்குத் தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம்.

அந்தப் பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எனக்குக் கம்பெனியில் ஆடிட், ஸ்டாக் எடுப்பு என்று போக வேண்டியதாகிவிட்டது. நீங்கள் மறுநாள் ரயிலேற வேண்டும். சரி, மாமாவை மட்டும் இன்று எடுத்துவிடுவோம், டாடி எங்கே ஓடப்போகிறார், பிறகு எடுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்று ஜாய்சன் முடிவுசெய்தான். எதிர் நாற்காலியில் எமியை உட்காரவைத்தால் உங்களுக்கு அழுகை வந்துவிடும் என்று இருபது லிட்டர் தண்ணீர் கேனை வைத்து அதன் மேல் என் பழைய ஹெல்மெட்டைக் கவிழ்த்தான். "மாமா, இதான் டாடி. கண்ணப் பாத்துப் பேசுங்க" என்றானாம். நீங்கள் நாற்பது நிமிஷம் ஒரு ஹெல்மெட்டை அத்தனை பிரியமாகப் பார்த்துப் பேசியிருக்கிறீர்கள். பிறகு நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். நீங்கள் என்னை நேரில்கூட அப்படிப் பார்த்ததில்லை. ஹெல்மெட்டும் நான் கேட்பதைவிட ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தது.

இது வரைக்கும் எந்தத் தவறும் இல்லை. தவறு பதினாலு நாள் கழித்து, என் பாதியை எடுத்தபோது வந்தது. அது வந்தது சுவர் வழியாக.

எங்கள் வரவேற்பறையில் நாலு சுவர் இருந்தாலும் பேபியின் கணக்கில் ஒன்றுதான் சுவர். உங்களுக்குத் தெரியும், ஷோகேஸ், கல்யாணப் படம், தினம் ஒரு தாள் கிழிக்கிற வசனக் காலண்டர் எல்லாம் உள்ள சுவர். அதற்கு எதிர்ச் சுவரில் மேல்மாடிக்காரர் குளியலறைத் தண்ணீர் ஊறி இறங்கி ஆந்திரா தெலங்கானா வரைபடம் மாதிரி ஒரு கறை, அதன் கீழே வாஷிங் மிஷின், இரண்டு அரிசி மூட்டை. நீங்கள் உட்கார்ந்தது நல்ல சுவருக்கு முன்னால். நியாயப்படி நான் எதிரே, கறைக்கு முன்னால் உட்கார வேண்டும். ஜாய்சன் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, என் நாற்காலி இங்கே, கேமரா அங்கே என்று குறித்தும் வைத்தான். பேபி முதலில் அந்தக் கோட்டை மாப் போட்டுத் துடைத்தாள். பிறகு கேமராவின் திரையில் எட்டிப் பார்த்தாள்.

"ஏல, உங்கப்பா பின்னால வாஷிங் மிஷின் தெரியுது."

"தெரியட்டும் மம்மி. ரியலா இருக்கும்."

"சம்பந்தி வீட்டுக்காரங்க முந்நூறு பேர் பாப்பாங்க. அண்ணாச்சிக்கு ஷோகேஸு, உங்கப்பாவுக்கு அரிசி மூட்டையா? அவரையும் இந்தச் சுவத்துக்கு முன்னால உக்கார வை."

"நக்கோ, வேண்டாம் மம்மி! ரெண்டு பேரும் ஒரே சைடு பாப்பாங்க. லைன் கிராஸ் ஆயிடும்."

"பாக்கட்டும். ஒரே குடும்பந்தானே, ஒரே பக்கம் பாத்தா என்ன?"

இதற்கு அந்த ஆறு சனிக்கிழமையிலும் பதில் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. போதாததற்கு, கேமரா நிற்கிற முக்காலி கீழ்வீட்டு பக்தவத்சலம் சாரிடம் இரவல் வாங்கியது. அவர் ராணுவ ஆய்வுக்கூடத்தில் ஏவுகணை பார்த்து ரிட்டையர் ஆனவர், ஆனால் முக்காலிக்கு இரண்டு கால்தான் இருந்தது. அதை நைலான் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தோம். அவிழ்த்து வேறு பக்கம் கட்ட ஒருவருக்கும் தெம்பில்லை. ஆகவே கேமரா நகரவில்லை, நான் நகர்ந்தேன். நீங்கள் உட்கார்ந்த அதே நாற்காலி, அதே சுவர், அதே கோணம். எதிரே அதே தண்ணீர் கேன், இந்த முறை அது காலி என்பதால் ஹெல்மெட் பாரம் தாங்காமல் சாய்ந்தது, கேனை இறக்கிவிட்டு ஒரு குட்டை ஸ்டூலில் ஹெல்மெட்டை மட்டும் வைத்தார்கள். அதனால்தான் அத்தான், படத்தில் நான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் உங்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. உங்கள் வயிற்றைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை.

இரண்டு துண்டையும் ஒட்டியபோது என்ன ஆயிற்று என்பதைத்தான் உலகம் பார்த்துவிட்டது. நீங்கள் திரையில் வலப்பக்கம் பார்த்து, "ஜெயகரா, நீயே சொல்லு, எமி மாதிரி ஒரு பிள்ளை உண்டா?" என்று உருகுகிறீர்கள். வெட்டி என்னைக் காட்டினால், நானும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதாவது உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுத்த பஸ் வருகிறதா என்று பார்க்கிற ஆள் மாதிரி. நீங்கள் பேசப் பேச நான் திரும்பவே இல்லை. பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து போகிற இரண்டு பயணிகளைப் போல இருக்கிறார்கள், அதில் முன் சீட்டுக்காரனுக்குத் திமிர்.

காலண்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை வைத்துத்தான் நாகர்கோவில் சித்தி முதலில் ஆரம்பித்தாள். உங்களை எடுத்த அன்று தேதி பன்னிரண்டு. என்னை எடுத்த அன்று இருபத்தாறு. ஜாய்சன் இதில் கெட்டிக்காரன், "கன்டின்யுட்டி போயிடும்" என்று பதறினான். வசனம் அச்சடித்த தாளைக் குப்பையில் போடக்கூடாது என்று பேபி கிழித்த தாளையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைக்கிறவள், அதைக் கவிழ்த்து வருஷம் முழுவதையும் தரையில் பரப்பிப் பன்னிரண்டாம் தேதியைத் தேடி எடுத்துக் குண்டூசியால் குத்தினோம். ஆனால் மின்விசிறிக் காற்றுக்கு அந்தத் தாள் மேலே தூக்குவதும் கீழே விழுவதுமாக இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. படத்தில் நான் பேசத் தொடங்கும்போது பன்னிரண்டு, முடிக்கும்போது இருபத்தாறு. சித்தி பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மச்சான் கேட்டதுக்கு ஜெயகரன் ரெண்டு வாரம் யோசிச்சு பதில் சொல்லுதான்" என்று குடும்பக் குழுவில் எழுதினாள். அதற்குக் கீழே பதினேழு பேர் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற பொம்மை போட்டேன், போடாவிட்டால் கோபித்துக்கொண்டேன் என்பார்கள்.

பழமும் அப்படித்தான். உங்கள் படத்தில் எண்ணிப் பார்த்து, பதினோரு பழம் உள்ள சீப்பாகத் தேடிப் போவன்பள்ளி வரைக்கும் போய் வாங்கிவந்தான் பையன். ஆனால் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒவ்வொரு முறை "இன்னொரு டேக் டாடி" என்கிறபோதும் நான் ஒரு பழம் சாப்பிட்டேன். முடிவில் நாலு மிச்சம். பிறகு அவன் முன்னாலே எடுத்ததைப் பின்னாலும், பின்னாலே எடுத்ததை முன்னாலும் வைத்து ஒட்டினான். அதனால் நான் தின்னத் தின்னச் சீப்பு குறைகிறது, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் திரும்ப நிறைகிறது, மறுபடி நான் தின்கிறேன். பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும்? பிள்ளையின் நல்ல குணங்களை மாமன் கண்கலங்கிச் சொல்கிறார், தகப்பன் பழம் தின்று தீர்க்கிறான்.

இதற்கிடையில் இருபத்தாறாம் தேதி பக்கத்து ராணுவ மைதானத்தில் பேண்டு வாத்தியம் பழகினார்கள். பாதிப் பேச்சு டிரம்ஸில் மூழ்கிவிட்டதால் அடுத்த ஞாயிறும் உட்கார்ந்தோம். நடுவில் பேபி, கல்யாணத்துக்கு முன்னால் ஒருதரம் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று என் தலைக்கு மை அடித்துவிட்டாள். மீசைக்கு ஒரு சுற்று அதிகமாகவே விழுந்தது. இப்போது படத்தில் "எமி சின்னப் பிள்ளையில..." என்று நான் தொடங்கும்போது வயது ஐம்பத்து நாலு, "...ரொம்ப வாலு" என்று முடிக்கும்போது முப்பத்தெட்டு. என் மகனே என்னைப் பார்த்து, "டாடி, யாரு இந்த அங்கிள்?" என்று கேட்டான்.

இதையெல்லாம் நீங்கள் மன்னித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் தலைமை ஆசிரியராக இருந்து முப்பது ஆண்டுவிழா நாடகம் பார்த்தவர். மன்னிக்க முடியாதது அந்தச் சிரிப்பு. அதை எழுதவே கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

எமிக்கு நாலு வயதில் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததையும், லீவுக்கு வந்திருந்த நீங்கள் பள்ளிக்கூடம் திறந்த பிறகும் ஊருக்குப் போகாமல் மூன்று நாள் அவள் தலைமாட்டில் இருந்ததையும் சொல்கிறீர்கள். "பேபி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்" என்கிறீர்கள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, ஹெல்மெட்டைப் பார்த்து, "அந்த மூணு நாளும் ஜெயகரனுக்கு கம்பெனில ஸ்டாக் எடுப்பு. வரணும்னு துடிச்சான் பாவம், விடலை" என்கிறீர்கள். அங்கே வெட்டினால் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். வாயில் பழத்தோடு.

அத்தான், அது அந்த இடத்துச் சிரிப்பே இல்லை. "ரியாக்ஷன் மொத்தமா எடுத்துக்கலாம் டாடி, ஒரு சிரிப்பு, ஒரு சோகம், ஒரு தலையாட்டல்" என்று பையன் வரிசையாக எடுத்தான், பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. என் சோகத்தைத் திரையில் பார்த்த பேபி, "வயித்த வலிக்குதா?" என்று கேட்டாள். மூன்று தரம் எடுத்தும் சோகம் வரவில்லை, வயிற்றுவலிதான் வந்தது. தலையாட்டலில் பேண்டு வாத்தியம். மிச்சம் இருந்தது சிரிப்பு. ஜாய்சன் அந்தச் சிரிப்பைத் தற்காலிகமாக அங்கே ஒட்டிவைத்து, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, மறந்து, வெள்ளிக்கிழமை குடும்பக் குழுவில் நாற்பத்தொரு பேருக்கும் அனுப்பிவிட்டான். "ட்ரையல் வெர்ஷன்" என்று கீழே போட்டிருந்தான். நம் குடும்பத்தில் யார் கீழே படிக்கிறார்கள்?

காலண்டரைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரிக்க, உங்களிடமிருந்து மட்டும் ஒரு ஸ்தோத்திரம்கூட வரவில்லை. நான் பயந்துபோய் அவனை எழுப்பிக் காட்டினேன். "ஹவ் டாடி, ரெண்டு பேரும் சேம் சைடு பாக்கறீங்க. கைக்கு டென்ஷன்? உங்களத் திருப்பிப் போட்டுடறேன்" என்றான், இந்த ஊர்ப் பேச்சில் ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு. கண்ணாடியில் பார்ப்பது போல என் படத்தை இடவலமாகப் புரட்டிவிட்டான். திசை சரியாகிவிட்டது. ஆனால் நான் இடக்கையால் டீ குடிக்கிறேன், சட்டைப்பை வலப்பக்கம் போய்விட்டது, காலண்டரில் வசனம் உருது மாதிரி வலமிருந்து இடமாக ஓடுகிறது. சிரிப்பை மட்டும் மாற்ற மறந்துவிட்டான், முதலில் வலப்பக்கமாகச் சிரித்தவன் இப்போது உங்கள் முகத்துக்கு நேராகவே சிரிக்கிறேன். "திருத்திய பதிப்பு" என்று சனிக்கிழமை அதையும் அனுப்பினான். ஜெயகரனுக்கு எப்போது பக்கவாதம் வந்தது, சொல்லவே இல்லையே என்று தூத்துக்குடியிலிருந்து ஒருவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் குழுவை விட்டு வெளியேறியதாக ஒரு சின்ன வரி வந்தது. அன்றிலிருந்து ஹெலன் அக்கா தினமும் ரோஜாப்பூப் படத்தோடு அனுப்புகிற வசனத்தை ரோஜாப்பூ இல்லாமல் அனுப்புகிறாள்.

ஆகவே அத்தான், நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சுவருக்காக நாற்காலி மாறிற்று, நாற்காலி மாறியதால் திசை மாறிற்று, முக்காலிக்குக் கால் இல்லாததால் கேமரா நகரவில்லை. சிரித்தவன் நான்தான், ஆனால் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, குட்டை ஸ்டூலில் இருந்த ஒரு ஹெல்மெட்டைப் பார்த்துச் சிரித்தேன். இதில் என் மனசாட்சிக்கு விரோதமாக ஒரு வார்த்தைகூட இல்லை. இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படித்து, மூட்டுக்குத் தைலம் தேய்த்து, ஜனவரி ஐந்தாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. பேபி ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாள், கூடவே நாட்டுச் சர்க்கரை கொண்டுவரவும் சொன்னாள், நீங்கள் வருவதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகள் இருவரின் முத்தங்கள். கர்த்தர் உங்கள் இருவருக்கும் நல்ல சுகத்தையும், எனக்கு உங்கள் பதிலையும் தருவாராக.

இப்படிக்கு,
கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருந்தும் பயத்தோடு வணங்கும்,
அ. ஜெயகரன்

பி.கு.: மேலே உள்ளதை நேற்று முடித்து, உறையில் போடுவதற்கு முன்னால் எழுத்துப்பிழை பார்க்கும்படி எமியிடம் கொடுத்தேன். அவள் பேசுகிற நிலைக்கு வந்தால் போதும் என்றுதான் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். படித்துவிட்டு, "டாடி, ஞாயித்துக்கிழமையில உங்க கம்பெனில ஆடிட்டா?" என்று கேட்டாள். சாப்பாட்டு மேசையில் பேபி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எமியைப் பார்த்தேன், எமி அம்மாவைப் பார்த்தாள், அம்மா பீன்ஸைப் பார்த்தாள்.

அன்று ஆடிட் இல்லை, அத்தான். போவன்பள்ளிச் சந்தையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே கூடைக்குக் குறைந்து தரமாட்டார்கள் என்பதால் ஒரு கூடை தக்காளி வாங்கினேன், அதைத்தான் கம்பெனியில் யாரோ கொடுத்ததாகச் சொல்லி ஒரு வாரம் குழம்பு வைத்தோம். முந்தின நாள் டீ குடிக்கும்போது நீங்கள், "எமிக்குக் காய்ச்சல் வந்த கதையத்தான் சொல்லப் போறேன்" என்றீர்கள். அதைக் கேட்டு உங்கள் எதிரில் உட்கார எனக்குத் தைரியமில்லை. அதனால் போய்விட்டேன். பன்னிரண்டாம் தேதி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அதைக் கேமரா எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த மூன்று நாளும் கம்பெனியில் ஸ்டாக் எடுப்பு கிடையாது என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும் என்று இருபத்து மூன்று வருஷமாக நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரி எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை வெட்டி வெட்டி இழுத்ததை முதல் நாள் பார்த்த பிறகு அந்தப் படியேற எனக்குக் கால் வரவில்லை. நீங்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் இறங்கி வந்தீர்கள். "இப்ப நூத்திமூணு." "இப்ப நூத்திரண்டு." ஒரு டீ குடித்தீர்கள், எனக்கு ஒன்று வாங்கிக்கொடுத்தீர்கள், மேலே போனீர்கள். ஏன்ல வரமாட்டேங்க என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அன்றைக்குச் சொன்ன அதே பொய்யை இத்தனை வருஷம் கழித்து, நான் இல்லாத இடத்தில், ஒரு ஹெல்மெட்டிடம்கூட எனக்காகக் காப்பாற்றினீர்கள். அந்த வரியில்தான் நான் பழத்தோடு சிரிக்கிறேன். நீங்கள் குழுவை விட்டு வெளியேறியது ஏன் என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்துகொண்டுதான் மேலே எட்டுப் பக்கம் சுவரையும் காலண்டரையும் பற்றி எழுதியிருக்கிறேன். கிழித்துப் போட நினைத்தேன், எமி விடவில்லை, "அப்படியே அனுப்புங்க, மாமா சிரிப்பாங்க" என்றாள்.

எமியிடமும் பேபியிடமும் இதைச் சொல்லிவிட்டேன். எமி, "மூணு நாளும் அங்கயேவா இருந்தீங்க? வீட்டுக்குப் போகலையா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவளும் பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தாள்.

பேபிதான் தலை நிமிராமல் சொன்னாள்: "தெரியும். வார்டு ஜன்னல்லேருந்து பாத்தா அந்த டீக்கடை பெஞ்சு நேரா தெரியும்லா. மூணு நாளும் பாத்துட்டுத்தான் இருந்தேன். அண்ணாச்சி உங்களுக்கு டீ வாங்கிக் குடுப்பாங்க, நேரா மேல வந்து, 'ஜெயகரன் கம்பெனிலேருந்து போன் பண்ணான்'னு சொல்லுவாங்க. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், காதெல்லாம் செவந்து போயிடும். பாவமா இருந்துச்சு. அதான் நம்பிட்டேன்."

ஜாய்சன் இப்போது கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த வரிக்குப் பிறகு சிரிப்பை எடுத்துவிட்டு டாடிக்கு என்ன முகம் வைக்கட்டும் என்று கேட்கிறான். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஐந்தாம் தேதி ரயிலேறி வந்து என் எதிரில் உட்காருங்கள் அத்தான். ஹெல்மெட் வேண்டாம், எந்தச் சுவரானாலும் சரி. அதே வரியை இன்னொருதரம் சொல்லுங்கள், பொய்யாகச் சொன்னாலும் சரி, மெய்யாகச் சொன்னாலும் சரி. அப்போது எனக்கு என்ன முகம் வருகிறதோ அதைப் பையன் எடுத்துக்கொள்ளட்டும்.